16 கோல் வாங்கிய அணி ஆசியக் கிண்ணத்திற்குள்: இந்திய இளம் மகளிரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

செலாயாங், நவ. 12 - கடந்த மாதம் 17ஆம் தேதி கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் ஓர் ஆட்டம் நடந்தது. 17 வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. குழுவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே இடம். முற்பாதியில் உஸ்பெகிஸ்தான் ஒரு கோல் முன்னணியில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய தண்டமோனி பாஸ்கே பிற்பாதியில் அதைச் சமன் செய்தார். அனுஷ்கா குமாரி வெற்றிக் கோலைப் புகுத்தினார். இந்தியா 2, உஸ்பெகிஸ்தான் 1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்த வயதுப் பிரிவின் ஆசியக் கிண்ணத்திற்குள் இந்தியா நுழைவது இதுவே முதல் முறை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டு 10ஆம் தேதி, 20 வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் அணி யங்கூனில் மியன்மாரை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வீழ்த்தியது. அந்தப் பிரிவில் இந்தியா கடைசியாக ஆசியப் போட்டியில் ஆடியது 2006இல். அப்போது போட்டியை ஏற்று நடத்திய நாடு மலேசியா என்பது நம்மில் பலருக்கு மறந்தே போயிருக்கும். ஜூலையில் மூத்த மகளிர் அணியும் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என வென்று ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றிருந்தது. நான்கு மாதத்திற்குள் மூன்று அணிகள்.

நம் நாட்டில் அதே நாள்களில் காற்பந்துப் பேச்சு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பூர்வீக ஆவணங்கள் தொடர்பில் ஃபிஃபா செப்டம்பர் 26ஆம் தேதி மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 350,000 சுவிஸ் ஃபிராங் அபராதம் விதித்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 18 லட்சம் வெள்ளி. நவம்பர் 3ஆம் தேதி மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. உணவுக் கடைகளில் தாத்தா யார், பாட்டி யார் என்றுதான் விவாதம். 2026ஆம் ஆண்டின் 20 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் ஆசியக் கிண்ணங்கள் இரண்டிலும் மலேசியா இல்லை என்ற செய்தியைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

இந்திய அணிக்குக் கைதட்டச் சொல்லி இதை எழுதவில்லை. அது நம் அணியல்ல. ஆனால் மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு அதே வயதுப் பிரிவு என்ன நிலையில் இருந்தது என்பதைப் பார்த்தால், தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த நமக்கு அதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தை இந்தியா ஏற்று நடத்தியது. உபசரணை நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலேயே இடம். புவனேஸ்வர் கலிங்கா அரங்கில் அமெரிக்காவிடம் 0-8, மொரோக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. மூன்று ஆட்டத்தில் 16 கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் வெளியேறினார்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்புதான் நிர்வாகக் குளறுபடியால் இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தையே ஃபிஃபா இடைநீக்கம் செய்து, ஆகஸ்டு 26ஆம் தேதி தடையை நீக்கியிருந்தது. அதற்கும் முன்னால் இன்னொரு அடி. உண்மையில் அந்தப் போட்டி 2020இல் நடந்திருக்க வேண்டியது. பெருந்தொற்றால் தள்ளிப்போய், பிறகு ரத்தாகி, 2022க்கு மாறியது. 2020க்காகத் தயாரான பிள்ளைகளுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. உலகக் கிண்ணத்தை எண்ணியே ஓடிய ஒரு தலைமுறை, ஒரு நிமிடம்கூட அதில் ஆடாமல் வீட்டுக்குப் போனது.

2022 அணிக்குப் பயிற்சி இல்லை என்று சொல்ல முடியாது. சுவீடனைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி பயிற்றுநர். ஜாம்ஷெட்பூரில் முகாம், ஐரோப்பியப் பயணம், எல்லாம் இருந்தது. இல்லாதது ஆட்டம். அமெரிக்காவின் 16 வயதுப் பெண் எட்டு வயதிலிருந்து வாராவாரம் லீக்கில் ஆடி வருபவர். இந்தியப் பெண்ணுக்கு முகாமில் ஓட்டமும் உடற்பயிற்சியும் கிடைத்தன; தோற்றால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு ஊரில் கிடைக்கவே இல்லை. எட்டு கோல் வித்தியாசத்தின் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு.

பிறகு மாறியதும் இதுவே. 13 வயதிலிருந்தே சிறுமிகள் ஆடும் 'அஸ்மிதா' லீக்குகள் மாநிலங்களில் தொடங்கின. கடந்த ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் நடந்த 17 வயதுக்குட்பட்ட தெற்காசியப் போட்டியில் ஒவ்வோர் அணியுடனும் இருமுறை மோத வேண்டும். வங்காளதேசம், நேப்பாளம், பூட்டான் ஆகியவற்றுடன் ஆக மொத்தம் ஆறு ஆட்டங்கள். இந்தியா கிண்ணத்தை வென்றது. கடைசி ஆட்டத்தில் வங்காளதேசத்திடம் 3-4 எனத் தோற்கவும் செய்தது. அந்த ஆறு ஆட்டங்கள் முடிந்து ஏழு வாரத்தில் பிஷ்கெக். ஒரு கோல் பின்தங்கியபோது அணி கலையாமல் நின்றதற்கு அந்த ஆறு ஆட்டங்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2025இல் 20 வயது, 17 வயது இரண்டு அணிகளுக்கும் ஒரே பயிற்றுநராக இருந்தவர் ஜோக்கிம் அலெக்சாண்டர்சன். கீழ்ப்பிரிவிலிருந்து மேல்பிரிவுக்குப் போகும் பெண் புது ஆளிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

இனி இந்தப் பிள்ளைகள் யார் என்று பார்ப்போம். 2022 அணியின் 21 பேரில் ஆறு பேர் ஜார்க்கண்ட் மாநிலத்தவர். அணித்தலைவி அஸ்தம் ஒராவோன், கும்லா மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் தலைவியானதும் மாவட்ட நிர்வாகம் அவர் வீட்டுக்கு ஒரு சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தனர். இந்தியப் பத்திரிகைகள் இதை நெகிழ்ச்சிச் செய்தியாகப் போட்டன. எனக்கு அது நெகிழ்ச்சியைவிட எரிச்சலையே தந்தது.

ஒராவோன், முண்டா என்ற பெயர்களை நாம் வேறோர் இடத்திலும் சந்திக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி மலாயா தோட்டங்களுக்கு வந்த அதே காலத்தில், சோட்டா நாக்பூர் மலைப்பகுதியிலிருந்து இவர்களின் உறவுகளை அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோனார்கள். அங்கும் கங்காணி மாதிரி ஆட்கள், அங்கும் லயம். அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளை இன்று நாட்டின் சட்டையைப் போட்டு ஓடுகிறாள். நம் பிள்ளை ஏன் ஓடவில்லை?

திறமை இல்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஹசாரிபாக்கில் உள்ளது போன்ற தங்கும் பயிற்சி மையங்கள். சாப்பாடு, படுக்கை, பள்ளி, திடல் நான்கும் ஒரே இடத்தில். அங்கே பெற்றோருக்கு அது ஒரு விளையாட்டுத் தேர்வாக இல்லை. பிள்ளை மூன்று வேளை சாப்பிட்டுப் படிக்கும் வழியாக இருந்தது.

தமிழ்நாட்டின் கதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தேசிய மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு கைப்பற்றியது. 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மீண்டும் கிண்ணம். இடையில் 2019இல் மதுரை வட்டாரத்துச் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கின் வெற்றியாளர். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இவ்வளவு இருந்தும் 2022 உலகக் கிண்ண அணியின் 21 பேரில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்கூட இல்லை. கல்லூரியும் காவல்துறையும் வேலையும் வளர்ந்த பெண்களுக்குக் கை கொடுக்கின்றன. 12க்கும் 16க்கும் இடைப்பட்ட சிறுமியை ஹசாரிபாக் பிடித்ததுபோல் அங்கே யாரும் பிடிக்கவில்லை என்றுதான் அதைப் படிக்கத் தோன்றுகிறது.

அந்த வயதுதான் இங்கேயும் ஓட்டை.

செலாயாங்கையே எடுத்துக்கொள்வோம். நகராண்மைக் கழக அரங்கம் நம் கண்ணெதிரே நிற்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியின் ஆடவர் காற்பந்து ஆட்டங்கள் சில இங்கேதான் நடந்தன. இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரை பெண்பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்தே உதைக்கிறார்கள். படிவம் 1க்குப் போனதும் நின்றுவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் பெண்கள் அணி இருப்பதும் இல்லாததும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரைப் பொறுத்தது. அவர் மாற்றலாகிப் போனால் அணியும் போய்விடும். பிறகு பந்து உதைக்க வேண்டுமானால் வாடகை ஃபுட்சால் திடல். அங்கே மாலை நேரம் முழுக்க ஆண்களின் முன்பதிவு.

தோட்டத்தில் இருந்தபோது திடல் இருந்தது. அங்கேயும் பெண்கள் பந்தாடவில்லை என்பது உண்மை. கரையில் நின்று பார்த்தார்கள். ஆனால் திடல் வீட்டுவாசலில் இருந்தது, யார் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். துண்டாடப்பட்ட தோட்டங்களோடு அதுவும் போனது. இப்போது அடுக்குமாடியில் வசிக்கும் அம்மா கேட்கும் கேள்விகள் நியாயமானவை. யார் கூட்டிப் போவார்? இரவு எட்டு மணிக்கு யார் கொண்டுவந்து விடுவார்? பயிற்றுநர் ஆணா பெண்ணா? பிரத்தியேக வகுப்பு என்ன ஆவது? வெயிலில் கறுத்துப் போவாள் என்ற பேச்சும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்லும் அத்தைமாரைத் திருத்துவதைவிட ஒரு வேன் ஏற்பாடு செய்வது எளிது. வேன் வந்துவிட்டால் பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும்.

நம் சமூகம் காற்பந்துக்கு அந்நியமல்ல. கோல் காவலர் ஆறுமுகத்தின் பெயரை இன்றும் கோவில் திருவிழாவில்கூடக் கேட்கலாம். தேசிய மகளிர் அணியைப் பயிற்றுவித்தவர் ஜேக்கப் ஜோசப். அந்த அணியின் தலைவியாக இருந்தவர் ஸ்டெஃபி சர்ஜ் கவுர். மலேசிய மகளிர் அணிக்கும் நல்ல காலம் இருந்தது. 1983 ஆசியப் போட்டியில் தாய்லாந்து முதலிடம், இந்தியா இரண்டாமிடம், மலேசியா மூன்றாமிடம். 1995 சீ போட்டியில் வெள்ளிப் பதக்கம். மாநிலங்களுக்கிடையே துன் ஷரிஃபா ரோட்சியா கிண்ணம் 1970களிலிருந்தே நடந்து வருகிறது. ஆக, பழைய கிண்ணம் இருக்கிறது, தேசிய மகளிர் லீக்கும் வந்துவிட்டது. அடியில் படிக்கட்டு இல்லை. காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி ஆண்பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அதற்கு இணையாகப் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை சங்கத்தின் மேசைக்குப் போக வேண்டும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதை எழுப்ப வேண்டும். 18 லட்சம் வெள்ளி அபராதம் கட்டும் சங்கத்திடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் கையிலேயே இருக்கும் ஒன்றும் உண்டு. நம் இயக்கங்களும் மன்றங்களும் ஆண்டுதோறும் நடத்தும் கிண்ணப் போட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒருநாள் போட்டி, தோற்றால் வெளியே. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து விடியற்காலையில் வேன் ஏறி வரும் பெண்கள் அணி, முதல் ஆட்டத்திலேயே தோற்று, மீதி நாள் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து பிரமுகர் உரை கேட்டுவிட்டுப் போகும். அவர்கள் ஆடியது 20 நிமிடம். அதே செலவைப் பிரித்து, செலாயாங், பத்துமலை, ரவாங், செந்தூல் பக்கத்து எட்டுப் பள்ளிகளை வைத்து 13, 15 வயதுப் பெண்களுக்கு லீக்காக நடத்தினால், கடைசி இடம் வரும் அணிகூட ஏழு ஆட்டம் ஆடியிருக்கும். சனிக்கிழமை காலை, ஐவர் ஆட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வேன். கிண்ணம் சிறியதாக இருக்கட்டும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் ஆண்களுக்காகச் செய்த வேலையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.

காலமும் தோதாக இருக்கிறது. 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணம் முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2025 முதல் 2029 வரை ஆண்டுதோறும் மொரோக்கோவில், 24 அணிகளுடன். கடந்த சனிக்கிழமை முடிந்த முதல் போட்டியில் வட கொரியா நெதர்லாந்தை 3-0 என வென்றது. ஆசியக் கிண்ணத்திலும் அணிகளின் எண்ணிக்கை எட்டிலிருந்து 12 ஆகிவிட்டது. முன்பு தவறான ஆண்டில் பிறந்த பெண் வாய்ப்பை இழந்தாள். இனி அந்தத் தொல்லை குறைவு.

2025இல் படிவம் 1இல் இருந்த பிள்ளைகள் 2012இல் பிறந்தவர்கள். 2029 உலகக் கிண்ணத்தின் வயது வரம்பு சரியாக அவர்களுடையது. அதற்கான ஆசியத் தகுதிச் சுற்று வழக்கம்போல் முந்தைய ஆண்டு, 2028இல் தொடங்கும்.