மட்டாஞ்சேரியின் அடுப்பைப் பார்க்காத ‘செஃப்’

நியூயார்க்கில் பேரும் பணமும் சம்பாதித்த சமையல் கலைஞர் ஒருவர் வேலையை இழந்து, கொச்சியில் வளரும் தன் மகனிடம் வந்து சேரும் கதை ‘செஃப்’. 2017 அக்டோபர் 6 அன்று வெளியான இந்த இந்திப் படத்தை இயக்கியவர் ராஜா கிருஷ்ண மேனன். முந்தைய ஆண்டு ‘ஏர்லிஃப்ட்’ மூலம் பெரிய வெற்றி பெற்றவர். ரோஷன் கால்ராவாக சைஃப் அலி கானும், அவருடைய முன்னாள் மனைவி ராதா மேனனாக பத்மப்ரியாவும், மகன் அர்மானாக ஸ்வர் காம்ப்ளேவும் நடித்தனர். ஜான் ஃபாவ்ரோ எழுதி இயக்கி நடித்து 2014இல் வெளிவந்த அதே பெயர் கொண்ட ஹாலிவுட் படத்தின் மறு ஆக்கம் இது. வசூலில் சோபிக்கவில்லை. ஆனாலும், தொழிலில் உச்சம் தொட்ட ஒருவரின் உள்முறிவைத் திரையில் சொல்வது எப்படி, அது எங்கே தவறிப்போகிறது என்ற இரண்டையும் இந்தப் படத்தில் சேர்த்தே பார்க்கலாம்.

முறிவு தொடங்கும் இடத்திலேயே இரண்டு படங்களும் வேறுபடுகின்றன. ஹாலிவுட் படத்தின் கார்ல் காஸ்பருக்கு எதிரிகள் வெளியே இருக்கிறார்கள். புதிதாகச் சமைக்க விடாமல் பழைய உணவுப் பட்டியலையே திணிக்கிறார் உணவகத்தின் முதலாளி. அதைச் சாப்பிட்ட விமர்சகர் கிழித்துத் தொங்கவிடுகிறார். ட்விட்டரில் மூளும் சண்டை ஊர் சிரிக்கும்படி ஆகிறது. ரோஷனுக்கோ அப்படிப் பழிபோட ஆள் இல்லை. சாப்பாட்டில் குறை சொன்ன வாடிக்கையாளரைக் குத்திவிட்டு வேலையை இழக்கிறார். கைப்பக்குவம் போய்விட்டது என்று அடுத்தவர் சொல்லும்போது வரும் ஆத்திரம், அது உண்மைதான் என்று தனக்கே தெரிவதால் வருவது. இந்த மாற்றம் மூலப்படத்தைவிட நேர்மையானது.

இன்னொரு இடத்திலும் மறு ஆக்கம் மூலத்தைத் தாண்டுகிறது. ரோஷன் டெல்லி சாந்தினி சௌக்கில் பிறந்தவர். மகன் கரண்டி பிடிப்பதை அப்பா ஏற்கவில்லை. பையன் வீட்டைவிட்டு ஓடியே சமையல்காரரானார். அப்படி அப்பாவைப் பிரிந்தவர், இன்று தன் மகனை நியூயார்க்கிலிருந்து கணினித் திரையில் மட்டும் பார்க்கும் அப்பாவாக இருக்கிறார். மூன்று தலைமுறை ஆண்களுக்கு நடுவே கிடக்கும் இந்த மௌனம் ஃபாவ்ரோவின் படத்தில் இல்லை. டாக்டராகவோ இன்ஜினீயராகவோ ஆகாத பிள்ளையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூசும் குடும்பங்கள் உள்ள நாட்டில், சமையலைத் தொழிலாகத் தேர்வதே ஒரு கலகம். அந்தக் கலகத்தில் வென்றவர் பிறகு எதை இழந்தார் என்று கேட்டதில்தான் படத்தின் நாடகப் பகுதி உயிர்பெறுகிறது.

நகைச்சுவையின் வேலை இங்கே முக்கியமானது. வசதி படைத்த ஒருவரின் துயரத்தைப் பார்வையாளர் நீண்ட நேரம் தாங்கமாட்டார். ‘இவருக்கு என்ன குறை?’ என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் நல்ல படங்கள் அவரைக் கொஞ்சம் சிரிப்புக்கு ஆளாக்கி, சம்பளமும் அந்தஸ்தும் இல்லாத மனிதர்களின் நடுவே நிறுத்துகின்றன. ராதாவின் நண்பர் பிஜு (மிலிந்த் சோமன்) ஓடாத பழைய டபுள் டெக்கர் பஸ் ஒன்றைக் காட்டி, இதில் கடை போடலாமே என்கிறார். முன்னாள் மனைவியின் நண்பர் தரும் உதவி என்பதால் ரோஷனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. பிறகு அதே பஸ்ஸைத் தேய்த்துக் கழுவிப் பெயின்ட் அடிக்கிறார். மகனும் கூட நிற்கிறான். நியூயார்க்கிலிருந்து வந்து சேரும் நஸ்ருல் (சந்தன் ராய் சன்யால்), ஓட்டுநர் அலெக்ஸ் (தினேஷ் பிரபாகர்) ஆகியோருடன் பஸ் கோவா வழியாக டெல்லிக்குக் கிளம்புகிறது.

சிக்கல் இந்த பஸ்ஸின் சமையலறையில் இருக்கிறது. ரோஷன் விற்பது ‘ரோட்ஸா’: ரொட்டியையும் பீட்சாவையும் கலந்த பண்டம். ரொட்டி அவருடைய டெல்லி, பீட்சா அவருடைய நியூயார்க். கொச்சி இதில் எங்கே? மூலப்படத்தில் கார்ல் மயாமிக்குப் போய், அங்கே க்யூபா நாட்டு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு, அதையே தன் வண்டியில் போடுகிறார். அது அந்த ஊரின் பண்டம். முன்னாள் மனைவி வளர்ந்த மண்ணின் ருசி. ஊர் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. தெரு வண்டிச் சமையலில் பேர்போன ராய் சோயிடம் ஃபாவ்ரோ பயிற்சி பெற்றதால், கத்தியின் வேகத்திலும் இரும்புத் தட்டில் வெண்ணெய் பொரிவதிலும் தொழிலின் உண்மை தெரிகிறது. அந்தப் படத்தில் ஒரு காட்சி: வண்டியைத் தயார் செய்ய உதவிய கூலித் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாண்ட்விச் கருகிவிடுகிறது. காசு கொடுக்காதவர்களுக்குத்தானே, பரவாயில்லை என்று நினைக்கிறான் பையன். அப்பா அவனை வண்டிக்கு வெளியே கூட்டிப்போய், தான் இந்தத் தொழிலை ஏன் நேசிக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்கிறார். கருகியதைக் கொடுக்கக் கூடாது என்று பையனும் ஒப்புக்கொள்கிறான். தொழில்மேல் வைத்த மரியாதைதான் அவர் தன் மகனுக்குக் கொடுக்க முடிந்த சொத்து.

கொச்சியில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? ரோஷன் வந்திறங்கும் ஃபோர்ட் கொச்சிக்கு அடுத்தே மட்டாஞ்சேரி. இந்தியாவில் இத்தனை சிறிய பரப்பில் இத்தனை விதமான அடுப்புகள் எரியும் இடம் அரிது. போர்ச்சுக்கீசியர் கோவாவில் மத ஒடுக்குமுறையைத் தொடங்கிய காலத்தில் தெற்கே வந்த கொங்கணிகள் செர்லாய் பகுதியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி வாழ்கிறார்கள். வணிகத்துக்கு வந்த குஜராத்திகளுக்குத் தனி வீதியும் மிட்டாய்க் கடைகளும் உண்டு. கச்சி மேமன்களும் தக்னி பேசும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் நிற்கும் யூதத் தெருவிலிருந்து பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலின் பிரியாணிக்கு 1948 முதல் கூட்டம் குறையவில்லை. டச்சுக்காரர் விட்டுச்சென்ற ‘ப்ரூடர்’ ரொட்டி ஃபோர்ட் கொச்சி பேக்கரியில் இன்னும் வேகிறது. இலங்கையின் பறங்கியர் வீடுகளிலும் அதே ரொட்டி உண்டு. அதே டச்சுக்காரர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் ‘வெளி’ என்ற பகுதியிலுள்ள ‘தோபி கானா’வில் துணி வெளுக்கின்றன. பஜார் ரோட்டின் கிடங்குகளில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக மாறிய கைகளுக்குக் கணக்கில்லை.

இவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ கிளம்பி, எதையோ இழந்து, இங்கே அடுப்பு மூட்டியவர்கள். வேலையும் குடும்பமும் இழந்து வந்து நிற்கும் ரோஷனுக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடையாது. பஸ் போகும் கோவா பாதைகூடக் கொங்கணிகள் வந்த வழியைத் திருப்பிப் பிடித்ததுதான். படமோ காயலையும் அழகான பழைய வீட்டையும் காட்டி, கொச்சியை மனம் ஆறும் ஓய்விடமாக நிறுத்திக்கொள்கிறது. கேரள வேர் கொண்ட இயக்குநர் இதைத் தவறவிட்டது வருத்தத்துக்குரியது.

இதே ஊரை உள்ளிருந்து பார்த்த படம் ‘செஃப்’ வெளியாவதற்கு இரண்டு வாரங்கள் முன்னால்தான் வந்தது. சௌபின் ஷாஹிர் இயக்கிய ‘பறவ’ மட்டாஞ்சேரியில் புறா வளர்க்கும் இரண்டு சிறுவர்களின் கதை. மொட்டை மாடியும் புறாக்கூண்டும் பறக்கவிடும் போட்டியும் அந்தப் படத்தில் கதையையே நடத்திச் செல்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் படமே இல்லை. அதைத் தயாரித்த அன்வர் ரஷீத், 2012இல் ‘உஸ்தாத் ஹோட்டல்’ இயக்கியவர். அஞ்சலி மேனன் எழுதிய அந்தக் கதையும் ‘செஃப்’புக்கு உறவுதான். சுவிட்சர்லாந்தில் சமையல் படித்த ஃபைஸியை அப்பா ஏற்கவில்லை. கோழிக்கோடு கடற்கரையில் சிறிய உணவகம் நடத்தும் தாத்தா கரீமிடம் (திலகன்) வந்து சேர்கிறான். தாத்தா அவனைக் கடைசியில் மதுரைக்கு அனுப்புகிறார். மதுரைத் தெருக்களில் ஆதரவற்றோருக்கு உணவளித்த நாராயணன் கிருஷ்ணனைத் தழுவிய பாத்திரத்தை அங்கே அவன் சந்திக்கிறான். நட்சத்திர ஓட்டல் வேலையைத் துறந்த ஒருவரின் கையால் பசித்தவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபின் ஃபைஸியின் வெளிநாட்டுக் கனவே மாறிவிடுகிறது. கோழிக்கோடும் மதுரையும் அவனை மாற்றின. ரோஷனை மாற்றியது மகன் மட்டுமே. ஊருக்கு அதில் பங்கில்லை.

நெகிழ்ச்சியான அப்பா–மகன் படமாக ‘செஃப்’ தேறுகிறது. சமையல் படமாகத் தோற்கிறது. கொச்சியை வைத்து அடுத்த உணவுப் படம் எடுப்பவர்கள் காயல் கரையில் கேமராவை வைப்பதற்குமுன் மட்டாஞ்சேரி வீடுகளின் பின்கட்டுக்குப் போகட்டும். அங்கே சமைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பேசட்டும்.