செருப்பு கழன்ற சேதி



முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டிருக்கிறார். ஆவடிப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து பல வருஷம் ஆயிற்றாம். "கடைக்குப் போய்ட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டுப் பொண்ணு, 'தாத்தா, ஒரு கால்ல செருப்பைக் காணோமே'ன்னு கேட்டப்போதான் சார் எனக்கே தெரிஞ்சுது. இது எப்படி மூளைக்குத் தெரியாமப் போகும்?" என்று கேட்கிறார்.

இந்த இதழின் மூளைச் சிறப்புப் பகுதியில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஆனால் உடம்பிலேயே நீளமான நரம்பு செல் இருப்பது மூளைக்கு வெளியே. அதன் உடல் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதன் இழையில் ஒரு கிளை கால் கட்டைவிரல் நுனிவரை இறங்குகிறது. இன்னொன்று தண்டுவடத்தின் வழியே பிடரிக்கு உள்ளே முகுளம்வரை ஏறுகிறது. ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒரே செல்!

சேதி இல்லாத நேரத்தில் இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். செருப்பு வார் விரலில் அழுந்தியதும் சவ்விலுள்ள நுண்வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும். கண்மூடித் திறப்பதற்குள் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பிவிடும். அதற்குள் பக்கத்து வாசல் திறந்திருக்கும், பிறகு அதற்கடுத்தது. வீட்டுக்குத் தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுகிறார்களே, அதுதான்: ஆள் நகர்வதில்லை, சட்டி மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. முகுளத்தில் அடுத்த செல்லுக்கு முன்னால் மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி. அதைக் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கடக்கிறது.

எல்லாச் சேதிக்கும் ஒரே வேகம் கிடையாது. தொடுவுணர்வு நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடும். மெல்லிய வலி நரம்பிலோ நொடிக்கு ஒரு மீட்டர்தான். கல்லில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, உயிர்போகிற வலி சற்றுப் பிந்தி வருகிறதல்லவா?

கட்டைவிரல் நுனிக்கு வேண்டிய சரக்கெல்லாம் இடுப்பருகே இருக்கும் செல் உடலிலிருந்துதான் போயாக வேண்டும். வேகமாகப் போவதே ஒரு நாளைக்குச் சுமார் 40 சென்டிமீட்டர். இத்தனை நீண்ட இழையைப் பராமரிப்பது எளிதல்ல. சர்க்கரை நோய் முதலில் மிக நீளமான நரம்புகளைப் பதம்பார்ப்பதால்தான் விரல்நுனி மரத்துப்போகிறது. பிறகு பாதம், கணுக்கால் என்று மேலேறுகிறது. கீழிருந்து சேதி வராவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில், ஐயா. 

உணர்வு மரத்துப்போவதைத் தொழுநோயில் நம் ஊரில் நெருங்கிப் பார்த்தவர் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். ஒருநாள் அவரால் திருக முடியாத துருப்பிடித்த பூட்டைத் தொழுநோயாளியான ஒரு சிறுவன் சட்டென்று திறந்துவிட்டான். தரையில் ரத்தத் துளி. பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. அவனுக்கோ வலியே இல்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்களால்தான் போகின்றன என்று பிராண்ட் நிறுவினார். நூற்றாண்டுக் கணக்கான அருவருப்புக்கு அதைவிடப் பெரிய பதிலை வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்காக வேலூர்ப் பக்கம் பழக்கத்துக்கு வந்ததுதான் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. இன்று அதைச் சர்க்கரைக்காரர்களுக்கென்று கடைகளில் விற்கிறார்கள். ஐயா, நீங்கள் பின்வார் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அது கழன்று விழாது. தினமும் படுக்கப்போகுமுன் வீட்டில் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் அதிர்கிற இசைக்கவையைக் கால் எலும்பில் வைத்து உணர்வைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷ வேலைதான், டாக்டரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கொரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்