டாக்டரிடம் நர்ஸ் 'இது சரியில்லை' என்று சொல்ல முடியுமா? ஓர் உயிர் போன பிறகு மாறிய விதிகள்

ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ தப்பாகப் போகிறது. நர்ஸுக்கு அது புரிகிறது. ஆனால் எதிரே நிற்பது சீனியர் டாக்டர். இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? பிரிட்டனில் நடந்த ஒரு மரணம் இந்தக் கேள்வியை உலகம் முழுக்கப் பேச வைத்தது.

*2005-ல் என்ன நடந்தது?*

எலைன் பிரோமிலி, 37 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். 2005 மார்ச் 29 அன்று சைனஸ் ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. சில நிமிடங்களிலேயே மூச்சுப்பாதையில் சிக்கல். ஆக்சிஜன் அளவு 40 சதவீதமாகச் சரிந்தது.

அனுபவமுள்ள மூன்று டாக்டர்கள் வாய் வழியாகக் குழாய் செருக மீண்டும் மீண்டும் முயன்றார்கள். குழாயும் இறங்கவில்லை, காற்றும் போகவில்லை என்றால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அதற்கான கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டு வந்து, ரெடியாக இருப்பதாகச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு நர்ஸ் ஐசியூவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். 'எதுக்கு இந்தப் பதற்றம்?' என்பதுபோல டாக்டர்கள் பார்த்ததும் அதை ரத்து செய்துவிட்டார். 13 நாள்களில் எலைன் இறந்தார்.

என்ன செய்யணும் என்று நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது.

*ஏன் இந்தத் தயக்கம்?*

இது தனிநபரின் பயம் மட்டுமல்ல, பழக்கம். 1966-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முகம் தெரியாத 'டாக்டர்' போனில் பேசி, அனுமதித்த அளவைவிட இரண்டு மடங்கு மருந்து கொடுக்கச் சொன்னார். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அது போலி மருந்து. கடைசி நேரத்தில் தடுக்கப்பட்டார்கள்.

'டாக்டருக்கே தோன்றியது மாதிரி' ஆலோசனை சொல்லும் வழக்கத்தை மனநல மருத்துவர் லெனார்ட் ஸ்டெய்ன் 1967-லேயே விவரித்தார். சிக்கலே இங்குதான். 'கருவி ரெடியா இருக்கு' என்பது குறிப்பு. 'இப்பவே கழுத்துல துளை போடணும்' என்பது நேரடிப் பேச்சு. நெருக்கடியில் குறிப்பு காதில் விழாது.

*விமானத்திலிருந்து வந்த பாடம்*

எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு பைலட். 1977-ல் டெனெரிஃப் விமான விபத்தில் 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதை காலியா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பியும், கேப்டன் விமானத்தை நிறுத்தவில்லை. அதன் பிறகு, ஜூனியர் பேசுவதற்கும் கேப்டன் கேட்பதற்கும் விமானத்துறையில் பயிற்சி தரப்படுகிறது. அதே பாடம் மருத்துவமனைக்கும் வேண்டும் என்று மார்ட்டின் 2007-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

*எப்படிச் சொல்வது?*

அமெரிக்காவில் கற்றுத்தரப்படும் ஒரு முறை மூன்று படிகள் கொண்டது.

• முதலில்: "டாக்டர், எனக்குக் கவலையா இருக்கு."
• கேட்காவிட்டால்: "இதைத் தொடர்றது எனக்குச் சரியாப் படல."
• அப்போதும் கேட்காவிட்டால்: "இது பேஷன்ட்டோட பாதுகாப்பு விஷயம். நிறுத்துங்க."

மூன்றிலும் மரியாதை குறையவில்லை, விஷயமும் மறையவில்லை. போனில் பேசும்போது இப்போதைய நிலை, பின்னணி, தன் மதிப்பீடு, என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லும் முறையும் உண்டு. கடைசிப் பகுதிதான் முக்கியம்: "நீங்க உடனே வந்து பார்க்கணும், டாக்டர்."

*நர்ஸ் மட்டும் மாறினால் போதுமா?*

போதாது. பேசியவரை முறைத்தால், அடுத்த முறை அவர் பேச மாட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறுவை சிகிச்சை சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் குழுவில் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகமாக வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

ஒருமுறை வாய் திறந்து பேசியவருக்கு, மறுமுறை பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை. "சொல்லுங்க சிஸ்டர்" என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் சுலபம். மயக்கத்தில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தனக்காகப் பேச வழியில்லை. அவருக்காகப் பேச அறைக்குள் இருப்பவர்கள் இவர்கள்தான்.