இரும்பு முகமூடியும் இம்சை அரசனும்

கீழவாஞ்சூர் எல்லையில் நின்றால் ஓர் எட்டில் காரைக்கால், மறு எட்டில் நாகை மாவட்டம். மண்ணும் மொழியும் ஒன்றுதான். 1954 வரை ஆண்டவர்கள்தான் வேறு; காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். பிறந்ததும் பிரித்து வளர்த்த இரட்டைப் பிள்ளைகளின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அந்தக் கதையை நமக்குக் கொடுத்தவரும் பிரெஞ்சுக்காரரே. அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கைதி 1940இல் பி.யு. சின்னப்பாவாக, 1958இல் சிவாஜியாக 'உத்தமபுத்திரன்' என்ற பெயரில் வந்தான். 2006இல் சிம்புதேவன் அதே இரட்டையர் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வடிவேலுவுக்கு மகுடம் சூட்டினார். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' பிறந்தான்.

சாகசக் கதையைக் கோமாளிக் கூத்தாக்கிவிட்டார்கள் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டூமா மட்டும் வரலாற்றைப் பூசையறையிலா வைத்தார்? 1703இல் பாஸ்தீல் சிறையில் இறந்த அந்த மர்மக் கைதி அணிந்தது கறுப்பு வெல்வெட் முகமூடி என்கிறது சிறை அதிகாரியின் குறிப்பு. ஊர்ப் பேச்சும் நாவலும் அதை இரும்பாக்கின. நம் ஆட்கள் சிரிப்பாக்கினார்கள். சாதிச் சண்டைக்கு மைதானம் திறக்கும் மன்னன், குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்யும் மன்னன்: சிவாஜியின் வாள் தொடாத இடத்தை வடிவேலுவின் மீசை குத்தியது. கதையைக் கும்பிட்டுக் கொண்டிருந்தால் அது சிலையாகிவிடும். கிண்டல் செய்தால்தான் அது வீட்டுப் பிள்ளை.