"புகை இல்லை அத்தா, வெறும் ஆவிதான்": இ-சிகரெட் தடையும் நம் வீடுகளும்

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு சகோதரர் நம்மைத் தனியே அழைத்தார். பிளஸ் டூ படிக்கும் மகனின் பையில் கிடைத்தது என்று சொல்லி ஒரு பொருளை நம் கையில் வைத்தார். விரல் நீளம், இளம்பச்சை நிறம், ஒரு முனையில் சார்ஜ் ஏற்றும் துளை.

"ஹஜ்ரத், பென் டிரைவ்னு நெனச்சேன். கம்ப்யூட்டர்ல செருகப் போனா சேரல. மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தா மாம்பழ வாசனை வருது" என்றார்.

மகனைக் கேட்டிருக்கிறார். அவன் பதறவில்லையாம். "இது சிகரெட் இல்ல அத்தா. புகையே கிடையாது, வெறும் ஆவிதான். சிகரெட்டை விட நல்லது" என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறான்.

அந்த வாசகத்தை அவன் சொந்தமாக யோசித்துச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் மருத்துவர்களும் அரசுகளும் வணிக நிறுவனங்களும் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு விவாதத்தின் பாதி அது. அந்தப் பாதி தாம்பரத்தில் ஒரு மாணவனின் பைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. மறுபாதி அவனிடமும் வரவில்லை, அவனைப் பெற்றவரிடமும் வரவில்லை. அதை நம் குடும்பங்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் 18 முதல் அவசரச் சட்டம் மூலம் நாடு முழுவதும் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக்கியது.

தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே இச்சட்டப்படி குற்றம். இணையம் வழியான விற்பனையும் இதில் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். "இதில் நிகோடின் இல்லை" என்ற சமாதானமும் செல்லாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இ-ஹுக்காவாக இருந்தாலும் தடைதான்.

ஆனால் பயன்படுத்துபவருக்கு என்று இச்சட்டத்தில் தனித் தண்டனை எதுவும் இல்லை. அது ஒரு வகையில் நியாயமே. பதினாறு வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பி யாருக்கும் நன்மை விளையப் போவதில்லை. அதே நேரத்தில் இதன் பொருளையும் நாம் உணர வேண்டும். சட்டம் கடை வாசல் வரை வரும், விமான நிலையச் சுங்கம் வரை வரும். நம் வீட்டுப் படுக்கையறைக்குள் வராது.

எதை விட நல்லது?

மகன் சொன்னதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அவன் கைப்பேசியில் ஐந்து நிமிடம் தேடி நம்மைப் பொய்யராக்கிவிடுவான்.

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகின்றன. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. ஒரு திரவத்தை மின்கலம் சூடாக்கி ஆவியாக்குகிறது. பிரிட்டனின் பொது சுகாதார அமைப்பு 2015-ல் இதைச் சிகரெட்டை விட 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்த எண் பற்றி மருத்துவ உலகில் கடும் சர்ச்சை உண்டு. ஆனாலும் நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றை விட இது கூடுதலானவர்கள் சிகரெட்டை விட உதவுகிறது என்று ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. 2023-ல் பிரிட்டன் அரசு, சிகரெட்டைக் கைவிடுவதற்காக 10 லட்சம் புகைப்பவர்களுக்கு இக்கருவியை வழங்கும் திட்டத்தையே அறிவித்தது.

இது விவாதத்தின் ஒரு பாதி. இனி மறுபாதி.

முப்பது ஆண்டுகள் புகைத்த ஐம்பது வயது மனிதர் சிகரெட்டை விட்டு இதற்கு மாறினால், அவர் பத்தாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு இறங்குகிறார். ஒருபோதும் புகைக்காத பையன் இதைக் கையில் எடுத்தால், அவன் தரையிலிருந்து அதே மூன்றாவது மாடிக்கு ஏறுகிறான். அவனுக்குச் சிகரெட்டோடு ஒப்பீடே கிடையாது. அவன் ஒப்பிட வேண்டியது தூய காற்றோடு.

'தீங்கு குறைவு' என்ற வாதம் முழுக்க அந்த ஐம்பது வயதுக்காரருக்காகச் சொல்லப்பட்டது. சரக்கோ நம் பிள்ளைகளிடம் விற்கப்படுகிறது. இந்தத் திரிபைப் புரிந்துகொண்டால் விவாதத்தின் பெரும்பகுதி நமக்குத் தெளிவாகிவிடும். அதே பிரிட்டன், ஒருமுறை பயன்படுத்தி எறியும் இ-சிகரெட்டுகளை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. சுற்றுச்சூழல் கேட்டோடு, சிறுவர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்ததும் அதற்குக் காரணம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

இந்த 'ஆவி' நீராவி அல்ல. புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை வேதிப்பொருட்கள், பெரும்பாலானவற்றில் நிகோடின் ஆகியவை சேர்ந்த நுண்துளிகள் அவை. சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்றவை உருவாகலாம். கம்பிச் சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் கலப்பதுண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை நிகோடின். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அந்த வயதுக்கு முன் நிகோடின் பழகினால் கவனம், கற்றல், மனநிலை எல்லாம் பாதிக்கப்படும். அடிமைத்தனமும் விரைவில் வேர்விடும். அமெரிக்காவின் ஜூல் நிறுவனம் தன் 5 விழுக்காடு நிகோடின் குப்பி ஒன்று ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று தானே சொன்னது. நிகோடினை உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டை எரியாது. முதல் சிகரெட்டை இழுத்தவன் இருமுவான். அந்த இருமலே பலரைக் காப்பாற்றியது. இந்தக் கருவி அந்தக் காவலையும் எடுத்துவிட்டது.

2019-ல் அமெரிக்காவில் இக்கருவிகளைப் பயன்படுத்தியவர்களிடையே திடீரென நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர்; இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தைப் பயன்படுத்தியவர்கள். அதில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்டே முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். சிங்கப்பூரில் மயக்க மருந்தான எடோமிடேட் கலந்த குப்பிகள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அதை அந்நாட்டு அரசு போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்தது. நம் நாட்டில் முழு விற்பனையும் கள்ளச்சந்தையில்தான் நடக்கிறது. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

குழந்தைகளைக் குறிவைத்த வியாபாரம்

மாம்பழம், தர்பூசணி, பபிள்கம் வாசனைகள் யாருக்காக? உலகச் சந்தையில் குறைந்தது 16,000 சுவைகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சுட்டிக்காட்டியது. 13 முதல் 15 வயதுக்குள் குறைந்தது 1.5 கோடிச் சிறுவர்கள் இ-சிகரெட் பிடிக்கிறார்கள் என்பது அதன் 2025-ஆம் ஆண்டு மதிப்பீடு. அமெரிக்காவில் 2017-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 11.7 விழுக்காட்டினர் பயன்படுத்தினர். ஒரே ஆண்டில் அது 20.8 ஆனது. இளைஞர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், ஜூல் நிறுவனம் 2022-ல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 438.5 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது.

அந்த விளம்பரத்துக்கு இன்று பலகை தேவையில்லை. சமூக ஊடகத்தில் ஓர் இளைஞன் வட்ட வட்டமாக ஆவி விடும் காணொளி போதும்.

தடை மட்டும் போதுமா?

தடையை விமர்சிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இ-சிகரெட்டைத் தடை செய்த அரசு சிகரெட்டையும் பீடியையும் வரி வாங்கிக்கொண்டு விற்க விடுகிறது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி. உள்ளிட்ட பொதுத்துறை அமைப்புகள் பெரும் பங்கு வைத்துள்ளன. 13 முதல் 15 வயதுள்ள இந்திய மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. ஆகவே பெரிய ஆபத்து இன்னும் பெட்டிக்கடையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லிருந்து தடை. ஆனாலும் மாணவர்களிடையே 'கூல் லிப்' பரவியதைக் கண்டு, அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் கேட்க வேண்டியிருந்தது. தடை அவசியம்; அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் தடை போட்டாயிற்று என்று நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

மார்க்கம் சார்ந்த கேள்வி

"சிகரெட் மக்ரூஹ்தானே ஹஜ்ரத், இது அதை விடக் குறைவுதானே?" என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். புகையிலை முஸ்லிம் உலகுக்குள் வந்த காலத்தில் அறிஞர்களிடையே பெரும் கருத்து வேறுபாடு எழுந்தது உண்மை. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633-ல் கடுமையாகத் தடுத்தார். டமாஸ்கஸின் பெரும் அறிஞர் அப்துல் கனி அந்நாபுலுசி அதை ஆகுமானது என்று எழுதினார். அன்று புற்றுநோய் பற்றிய இன்றைய அறிவு யாரிடமும் இல்லை. தீங்கு உறுதியான பிறகு, தன்னையும் பிறரையும் தீங்குக்கு உள்ளாக்கக் கூடாது என்ற ஃபிக்ஹின் அடிப்படை விதிதான் முன்னுக்கு நிற்கிறது.

மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2015 டிசம்பரிலும், இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா அமைப்பு 2020 ஜனவரியிலும் இ-சிகரெட்டை ஹராம் என்று அறிவித்தன. "நீண்டகாலத் தீங்கு முழுமையாகத் தெரியவில்லையே" என்பது அனுமதிக்கான ஆதாரம் ஆகாது. சந்தேகமானதை விட்டு ஒதுங்குவதே பேணுதலுள்ளவரின் வழி.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

வண்டலூர் முதல் பல்லாவரம் வரை, மேடவாக்கம் முதல் பெருங்களத்தூர் வரை நம் பகுதி முழுக்கக் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்தது. வெளியூர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாகப் பழகுகிறார்கள். எனவே "நம்ம பையன் அப்படி இல்லை" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிட முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு முதலில் சொல்லுங்கள். துபாயில் கடையில் கிடைக்கிறது என்பதற்காக மச்சான் மகனுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவதும் தடை செய்யப்பட்ட இறக்குமதிதான். சிங்கப்பூருக்குப் பயணம் போகும் இளைஞர்கள் இதை எடுத்துச் செல்லவே கூடாது. அங்கே வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம்.

பிள்ளையிடம் இது கிடைத்தால் அடிக்காதீர்கள். அடி வாங்கியவன் பழக்கத்தை விடுவதில்லை, ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கிறான். எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக, காலையில் எழுந்ததும் தேடுகிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். தேடுகிறது என்றால் அது நிகோடின் அடிமைத்தனம். மருத்துவ உதவி தேவை. புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது. நம் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே 1928-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அது இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் வெட்கப்படாமல் அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத்துகள் மக்தப் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கருவி எப்படி இருக்கும் என்று ஒரு முறை படம் காட்டி விளக்கினால் போதும், பென் டிரைவ் என்று ஏமாறுவோர் குறைவார்கள்.

கடைசியாக ஒன்று. அன்றிரவு பேசி முடிக்கும்போது அந்தச் சகோதரரின் சட்டைப் பையில் ஒரு சிகரெட் பாக்கெட் தெரிந்தது. நாம் பார்த்ததை அவரும் பார்த்தார். மகன் "சிகரெட்டை விட நல்லது" என்று யாருடைய சிகரெட்டோடு ஒப்பிட்டான் என்பது அந்த நிமிடத்தில் இருவருக்கும் புரிந்தது. சிறிது நேரம் பேசாமல் நின்றவர், "மொதல்ல நான் விடணும் ஹஜ்ரத்" என்றார்.

போன ஜும்ஆவுக்குத் தந்தையும் மகனும் ஒன்றாக வந்திருந்தார்கள். பதினோரு நாள் ஆகிறது என்று தந்தை சொன்னார். இருவருமா என்று நாம் கேட்டோம். மகன் தலையாட்டினான். அல்லாஹ் அவர்களுக்கு உறுதியைத் தருவானாக.