மூச்சு நின்றது அவருக்குத் தெரியாது



“ராத்திரி பேய் வந்து அமுக்கிடுச்சு” என்ற பேச்சு நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. விழிப்பு வந்துவிடும். கூரை தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுகூடக் கேட்கும். கை காலை மட்டும் அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். கத்தினால் குரல் வராது. மறுநாள் தலைமாட்டுக்கு அரிவாளோ விளக்குமாறோ வந்துவிடும்.

அது பேயில்லை. கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை நம் கை கால்களைப் பூட்டி வைக்கிறது. சில நாள் அந்தப் பூட்டு திறக்கும் முன்பே விழிப்பு முந்திக்கொள்கிறது. சில நொடிகள், மிஞ்சிப்போனால் ஓரிரு நிமிடம், தானாகவே விலகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் பிள்ளை இப்படிச் சொன்னால், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். நிம்மதியாகத் தூங்க விடுங்கள்.

பூட்டு விழாமலே போவதும் உண்டு. 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இந்த நோய் உள்ளவர், கனவில் நாய் துரத்தினால் கட்டிலில் உதைப்பார். கனவில் சண்டை வந்தால் அடி மனைவிக்கு விழும். இது வருவது பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு. “வயசான காலத்துல பினாத்துறார்” என்று விட்டுவிடக் கூடாது. பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிகுறியாக இருக்கக்கூடும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிள்ளைகள் தூக்கத்தில் நடப்பது வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். உலுக்கி எழுப்பாமல் கையைப் பிடித்து அழைத்து வந்து படுக்க வைத்தால் போதும். ஆனால் கோடையில் மொட்டைமாடியில் படுக்கிற வீடுகளில், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கீழேயே பாய் விரியுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது குறட்டைதான். “அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறார்” என்று பெருமையாகச் சொல்கிறோம். பலமான குறட்டை திடீரென்று அடங்கும். பத்து நொடிக்கு மேல் மூச்சே இருக்காது. பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுவதால் வரும் நோய் இது. இரவு முழுக்க இப்படி நடந்தால் காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். ரத்த அழுத்தமும் ஏறும். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவராகவோ, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் ராத்திரி வண்டி எடுப்பவராகவோ இருந்தால்? ஒரு நொடி கண்ணசந்தால் போதும். டீயும் ஜன்னல் காற்றும் அவரைக் காப்பாற்றாது. ஆனால் இந்த நோய்க்கு, மூக்கில் முகமூடி வைத்து அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிகிச்சையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இலேயே கொண்டுவந்துவிட்டார்.

தூக்கத்தில் தன் மூச்சு நின்றது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். டிரைவர் வீட்டுத் தாய்மார்களே, இன்று ராத்திரியே அந்தக் குறட்டையைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடவே போய், மருத்துவரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்