மலையைக் குற்றஞ்சாட்டுவோருக்கு

அமெரிக்காவில் கிரெக் கிராஃபின் என்றொரு பாடகர் இருக்கிறார். 1980இல், பள்ளி மாணவராய் இருந்தபோதே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோழர்களுடன் கூடி, 'தீய மதம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பங்க் இசைக்குழுவைத் தொடங்கியவர். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்கியலிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2010இல், ஸ்டீவ் ஓல்சன் என்பவரோடு சேர்ந்து, தமது குழுவின் கதையையும் பரிணாமக் கொள்கையையும் பின்னி ஒரு நினைவு நூல் எழுதினார். உலகை விளக்கக் கடவுளும் விதியும் வேண்டியதில்லை, இயற்கையில் உள்ள காரணங்களே போதும் என்பது அந்நூலின் சாரம். கூச்சல் என்று ஒதுக்கப்பட்ட பாட்டின் உள்ளேயும் ஒரு தத்துவம் இருக்கலாம் என்று அங்கே படிக்கிறார்கள். நல்லது.

ஆனால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மலைச்சரிவில் நின்று பாடியவளின் பாட்டுக்கு நம்மிடையே கிடைத்த பட்டம் என்ன? 'நாட்டார் பாடல்.' கள்ளமற்ற உள்ளத்தின் வெளிப்பாடு, கிராமிய மணம், சந்த இனிமை. விழாவென்றால் நான்கு மாணவிகளுக்குக் கூடை மாட்டி மேடையில் ஆடவிடுகிறோம். 2023இல் மலையகத்தின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டபோதும் இந்தக் கூடைகள் மேடையேறத் தவறவில்லை. பாடியவள் சிந்தித்தாள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள நம் பண்டிதர்களுக்கு மனம் வருவதில்லை.

கோப்பிக் காலத்துப் பாடல் ஒன்றை மலையகத்தில் அறியாதவர் குறைவு. கோப்பிக் கன்று நட்ட மலையை ஒருத்தி தூரத்திலிருந்து சுட்டிக்காட்டுகிறாள். தன் அண்ணனைப் பறிகொடுத்த மலை அதுவே என்கிறாள். மலை, பயிர், மரணம் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. இதை ஒப்பாரி என்று வகுத்து முடித்துவிடுகிறோம். விதியின் மேல் பழிபோட்டிருந்தால் அவள் வானத்தை நோக்கியிருப்பாள். அவள் நோக்கியதோ பயிர் நட்ட நிலத்தை. இயற்கைவாதம் வேறு என்ன?

மலையகப் பாடல்களில் விதியே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. தலையெழுத்தும் உண்டு, மாரியம்மனும் உண்டு. அதை மறைத்துப் பாட்டாளியை அப்பழுக்கற்ற பகுத்தறிவாளியாக்குவதும் ஒருவகைப் பொய்தான். ஆனால் அதே பாடல்களில் கங்காணி இருக்கிறான், தராசு இருக்கிறது, பறித்த கொழுந்தின் நிறையில் வெட்டப்பட்ட இறாத்தல் இருக்கிறது. இவை எந்தச் சாமியின் படைப்பு?

கோப்பியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை அது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருந்தொழிலையே அது சாய்த்துவிட்டது. இயற்கையின் சீற்றம் என்றார்கள். 1880இல் ஆராய வந்த மாஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் கண்டது வேறு. பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன. காட்டை அழித்து, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதால் காற்றுக்குத் தடையில்லாமற் போயிற்று. பூஞ்சையை இயற்கை தந்தது; அதற்குப் பந்தி விரித்தது தோட்டமுதலாளியின் இலாப ஆசை. மருந்து கேட்ட துரைமார்களுக்கு இந்தக் காரணம் ருசிக்கவில்லை.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை பின்னர் மலையெங்கும் பரவிற்று. கோப்பி பருவப் பயிர். ஆட்கள் வந்து திரும்பினார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே குடும்பத்தோடு வந்தவர்கள் லயத்தில் நிலைத்தார்கள். ஒரு பூஞ்சையின் வித்தும் ஒரு வர்க்கத்தின் கணக்கும் கூடி ஒரு சமூகத்தை உருவாக்கின. இதைத்தான் 'தலையெழுத்து' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த எழுத்தை அழிக்கப் பாட்டையே கருவியாக்கியவர் மீனாட்சி அம்மை. கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழையத் தடை இருந்த காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் புகுந்தார் என்று இன்றும் சொல்வார்கள். 1931இல் ஹட்டனில் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மை பாரதியையும் தம் பாட்டுகளையும் பாடினார். 1939இல் அரசாங்கம் இந்திய நாட்கூலிகளை வேலைநீக்கத் தொடங்கியது. மறு ஆண்டே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. பெயரைக் கவனியுங்கள்: விதியன்று, நிலைமை. ஒரு பொருளாதார அறிக்கைக்கு இடத்தக்க தலைப்பைத் தம் பாட்டுக்கு இட்ட அந்த அம்மையார், நினைவு நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை. இசைக்குழுவின் கதை எழுத அமெரிக்கப் பாடகருக்குப் பதிப்பகம் இருந்தது.

மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையின் கதையும் நினைக்கத்தக்கதே. 1947இல் தலவாக்கலை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அனுப்பிய மக்களின் வாக்கையே பறித்தன. அவர் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை செய்தார். மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கொழுந்தும் பனியும் அவர் எழுத்தில் அழகாகவே வருகின்றன; ஆனால் அந்தச் செடியின் தூரில் புதைந்தவனை மறந்து அவர் அழகைப் பாடியதில்லை. நுவரெலியாவின் 'இயற்கை எழிலை' விற்கும் உல்லாசப் பயண விளம்பரக்காரருக்கு இந்தக் கவிஞர் உதவமாட்டார். காட்டை வெட்டி, கத்தரித்து, வரிசையாக்கிய ஒரு தொழிற்சாலையை இயற்கை என்று அழைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

கிராஃபினின் நூலில் எனக்குள்ள குறையும் இதுவே. கடவுளை நீக்கிவிட்டு இயற்கையின் முன் வியந்து நிற்பதோடு அவர் மனம் பெரும்பாலும் நிறைந்துவிடுகிறது. நிலம் யாருடையது என்ற கேள்வி அந்த வியப்பில் எழுவதில்லை. மலையகத்தில் அக்கேள்வியைத் தவிர்ப்பவர் இயற்கைவாதியாகவும் இருக்கமுடியாது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 'இயற்கை அனர்த்தம்' என்று எழுதினோம். வகுப்பறையிலும் அப்படியே சொல்லிக்கொடுத்தோம். அந்தச் சரிவு வாழத் தகுதியற்றது என்று தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கிருந்தோர் இறங்கி வேறிடம் போவதற்கு, அவர்களுக்கென்று ஒரு பேர்ச் நிலமும் இருக்கவில்லை.